கண்ணில் நிற்காத சொட்டு

என் மகளின் இடது கண் உள்பக்கம் சாய்வதை முதலில் ஒரு பிறந்தநாள் போட்டோவில்தான் பார்த்தேன். பக்கத்து ஃபிளாட்டில் கேக் வெட்டும்போது எடுத்தது. மெழுகுவத்திக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு கண் சுடரைப் பார்க்கிறது, மற்றது மூக்கைப் பார்க்கிறது. அப்போது அவளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி.

கணவரிடம் காட்டினேன். "கேமரா ஆங்கிள்" என்றார். சேலத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பினேன். "மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்டி, போய் வேலையப் பாரு" என்று பதில் வந்தது. நான் வேலையைப் பார்க்கவில்லை. மூன்று வாரம் அவள் மூக்குக்கு நேராகப் பென்சிலையும் ஸ்பூனையும் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தேன். சில நாள் கண் சாய்ந்தது, சில நாள் சாயவில்லை. சாயாத நாட்களில் நான் வீணாக இல்லாத நோயைத் தேடுகிறேனோ என்று தோன்றும். சாய்ந்த நாட்களில், இவ்வளவு நாள் கழித்தா பார்த்தாய் என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

தி. நகரில் குழந்தைகளுக்கான கண் மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிட வாய்ப்பிருக்கிறது என்றார். ஆனால் சரியான பவர் தெரிய வேண்டும்.

"பவர் பாக்கறப்ப குழந்தைங்க நம்மள ஏமாத்திடுவாங்க. வேணும்னு இல்ல. கண்ணுக்குள்ள ஒரு சின்னத் தசை இருக்கு, அது இழுத்துப் பிடிச்சிட்டு உண்மையான பவரை மறைச்சிடும். மூணு நாள் சொட்டு மருந்து போட்டு அதைத் தூங்க வெச்சிட்டா, நாலாவது நாள் சரியா அளந்துடலாம்."

"ஒரு வேளை விட்டுப்போனா?"

"விடாதீங்க. தசை பாதி முழிச்சிட்டிருந்தா அளவு தப்பும். தப்பான கண்ணாடி போட்டா, சாயற கண்ணை மூளை மெதுவா ஒதுக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் அந்தக் கண்ணால பார்க்கறதே குறைஞ்சிடும்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மருந்தின் பெயர் அட்ரோபின். வெளி அறையில் இருந்த டெக்னீஷியன் பெண் எனக்குச் செய்து காட்டினாள். கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டு, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் மருந்து மூக்குக்குள் இறங்காது. ஒரு தாளும் கொடுத்தாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள், ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. தாளின் கீழே, முகம் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு அழைக்கவும் என்று அச்சடித்திருந்தது. அதை நான் படிக்காமல் இல்லை. இரண்டு முறை படித்தேன். அன்று மாலையே ஃபிரிட்ஜ் கதவில் ஒன்பது கட்டம் போட்டு ஒரு அட்டையும் ஒட்டினேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அப்போது நாத்தனாரும் இருந்தாள். அரசுத் தேர்வுக்குப் படிப்பவள். தினமும் காலையில் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவாள். அந்த மூன்று நாளும் எனக்காகப் போகாமல் இருந்தாள். என் மகள் மருந்துப் பாட்டிலைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நாத்தனார் இழுத்து வந்து, கால்களைத் தன் மடியில் இறுக்கிக்கொண்டு, "பாப்பா, சீலிங்ல பல்லி இருக்கு பாரு" என்பாள். பல்லிக்கும் குழந்தை மசியவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அலறினாள். நான் இமையைப் பிரித்துச் சொட்டு விடுவேன். அடுத்த நொடியே அழுகையோடு அது கன்னத்தில் வழிந்து காதுக்குள் போகும். கண் முனையை இரண்டு நிமிடம் அழுத்துவது எங்கே. இரண்டு நொடிகூடப் பிடிக்க முடியவில்லை.

வழிந்தது மருந்தா, கண்ணீரா? எனக்குத் தெரியவில்லை. மருந்தாக இருந்தால் தசை தூங்காது. அளவு தப்பும். அதனால் இன்னொரு சொட்டு விட்டேன். அதுவும் வழிந்தது. மறுபடி விட்டேன். ஏதோ ஒரு சொட்டு கண்ணுக்குள்ளேயே நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அட்டையில் டிக் போட்டேன்.

"அண்ணி, கண்ணுக்கு மருந்து போடறீங்களா, தலைக்கு எண்ணெய் வெக்கறீங்களா?" என்று நாத்தனார் கேட்டாள். குழந்தையின் காதோரம் முடியெல்லாம் நனைந்திருந்தது. நான் சிரித்தேன். என் மகள் அழுகையை நிறுத்தி, நாக்கை நீட்டி, "கசக்குது" என்றாள். கண்ணில் விட்ட மருந்து வாயில் எப்படிக் கசக்கும் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். சாக்லேட் கொடுத்தேன்.

முதல் நாளே இரண்டு முறை கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டேன். கண்ணின் கரும்பாப்பா பெரிதாகிவிட்டதே என்று ஒரு முறை. பெரிதாகத்தான் செய்யும், பத்து நாளைக்கு மேலும் இருக்கும் என்றார்கள். வெயிலில் கண் கூசுகிறதே என்று இன்னொரு முறை. "நார்மல் மேடம்" என்ற அந்தக் குரலில் சலிப்பு தெரிந்தது. தரமணி ஆபீஸிலிருந்து களைத்து வந்த கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "எல்லாத்துக்கும் போன் பண்ணாத. நிஜமா ஒண்ணுன்னா அப்ப எடுக்க மாட்டாங்க." விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் நான் அதையும் ஒரு விதியாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை நாலாவது வேளை. மூன்று சொட்டு, நான்கு சொட்டு ஆகியிருக்கும். பதினோரு மணிக்கு அவள் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. நெற்றி சுட்டது. அவள் வகுப்பில் அந்த வாரம் பாதிக் குழந்தைகள் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து அதே பேச்சு. தாளின் கீழே இருந்த வரி எனக்கு நினைவு வந்தது. வந்ததும், இது வைரல் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முறை போன் செய்து, நாளைக்கு வெறும் ஜலதோஷம் என்று ஆகிவிட்டால்? நிறுத்திவிட்டால், போட்ட நாலு வேளையும் வீண். கண் வீண். பாராசிட்டமால் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கவில்லை, வியர்க்கவுமில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள், கொடுத்தால் விழுங்கச் சிரமப்பட்டாள்.

மதியம் இரண்டு மணிக்கு ஐந்தாவது வேளை மருந்து போட்டேன். காய்ச்சலோடு இருந்த குழந்தைக்குப் போட்டேன். அவள் அந்த முறை அதிகம் அழவில்லை. அதை நல்லது என்று நினைத்தேன்.

மூன்று மணி இருக்கும். அவள் மெத்தை விரிப்பிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரலால் கிள்ளி எடுத்து என் கையில் போட்டாள். ஒன்றுமில்லை.

"என்னம்மா இது?"

"எறும்பு. நெறைய எறும்பு."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கருமையைத் தவிர வேறொன்றும் இல்லை. மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "மிஸ், அம்மா எப்ப வருவாங்க?"

நாத்தனார் வாசலில் கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் என் காதில் விழுந்தது சரிதான் என்று தெரிந்தது. "அண்ணி, கெளம்புங்க" என்றாள். அவ்வளவுதான். நான் கைப்பையில் தாளையும் மருந்துப் பாட்டிலையும் போட்டுக்கொண்டேன்.

மெட்ரோ வேலைக்காகச் சாலையை மூடி வைத்திருந்தார்கள். ஆட்டோ சந்து சந்தாகப் போனது. ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னாமா, கொய்ந்தைக்கு ஜொரமா?" என்றார். என் மடியில் அவள் காற்றில் கையை நீட்டி எதையோ பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீ கெட்டியா புட்ச்சிக்கமா, அஞ்சே நிம்சம்" என்று சொல்லிவிட்டு, அடையாறு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசல்வரை ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

உள்ளே இருந்த டியூட்டி டாக்டர் என்னைவிட இளையவள். குழந்தையின் விரலில் கிளிப்பை மாட்டினாள், நாக்கைப் பார்த்தாள், அக்குளில் கை வைத்துப் பார்த்தாள், வயிற்றை மெல்ல அழுத்தினாள். மானிட்டரில் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் தாளை நீட்டினேன்.

"அட்ரோபினா? எத்தனை வேளை போட்டீங்க?"

"அஞ்சு."

"ஒரு வேளைக்கு?"

"கண்ணுக்கு ஒரு சொட்டு" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. தாளில் அப்படித்தான் இருந்தது. அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. நான் அந்த மாதிரி ஆள். என்ன செய்யச் சொன்னார்களோ அதைச் செய்தேன் என்றுதான் என் மனதுக்குள்ளும் பதிவாகியிருந்தது. கீழே வழிந்தவற்றை நான் எண்ணவே இல்லை.

டாக்டர் தாளை இன்னொரு முறை பார்த்தாள். "சில குழந்தைங்களுக்கு அதுவே ஒத்துக்காது. ஆனா இவ ரொம்பக் குழப்பத்துல இருக்கா, ஜுரமும் இருக்கு. மூளைக்காய்ச்சலா இருக்கக் கூடாதுன்னு பாக்கணும். முதுகெலும்புகிட்ட ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்போம். இதுல ஒரு கையெழுத்து."

நர்ஸ் படிவத்தைக் கொடுத்தாள். பேனா வேலை செய்யவில்லை. வேறு பேனா எடுக்கப் போனாள். அந்த இடைவெளியில் நாத்தனார் என் பின்னால் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நின்றாள் என்றுதான் நினைக்கிறேன். இல்லை, நானே சொல்லட்டும் என்று நின்றாளோ என்னவோ. இன்றுவரை கேட்டதில்லை.

"டாக்டர், ஒரு சொட்டு இல்ல" என்றேன்.

அவள் திரும்பினாள்.

"வழிஞ்சிடுச்சு. வழிய வழிய மறுபடி போட்டேன். ஒரு கண்ணுக்கு மூணு, நாலு. சில சமயம் அஞ்சு கூட இருக்கலாம். எண்ணலை."

"ஒவ்வொரு வேளையுமா?"

"ஒவ்வொரு வேளையும்."

"பாட்டில் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நேற்று காலை உடைத்த பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அவள் திட்டவில்லை. படிவத்தை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்து, "இப்ப வேணாம், வெயிட் பண்ணலாம்" என்றாள். பிறகு என் பக்கம் வந்து, எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ணு ஒரு சொட்டையே முழுசா வெச்சுக்காது மேடம். வழியறது வழியட்டும், உள்ள போக வேண்டியது போயிருக்கும். மிச்சம் மூக்குல இறங்கி, தொண்டைக்குப் போயி, ரத்தத்துல கலந்துடும். குழந்தை கசக்குதுன்னு சொன்னாளா?"

"சொன்னா."

"அது அதான்."

மருந்தை முறிக்க உடனே எதுவும் கொடுக்கவில்லை. நிலைமை மோசமானால் பார்க்கலாம், இப்போதைக்குத் தானாக இறங்கட்டும் என்றாள். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். கையில் குளுக்கோஸ் ஏறியது. விளக்கைக் குறைத்தார்கள். சிறுநீர் பிரிகிறதா என்று பார்க்கச் சொன்னாள். இந்த மருந்து அதையும் நிறுத்திவிடுமாம். ஆறு மணிக்குள் போகவில்லை என்றால் குழாய் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது டாக்டர் மானிட்டரைப் பார்த்தபடியே பேசினாள். எனக்குத் தைரியம் சொல்வதற்காகப் பேசினாள் என்று பிறகு புரிந்தது.

"நான் ஹவுஸ் சர்ஜன் பண்ணது ஒரு ஜில்லா ஆஸ்பத்திரில. பூச்சிமருந்து குடிச்சவங்களைக் கொண்டு வருவாங்க. வாயில நுரை, நெஞ்செல்லாம் சளி, நாடி விழுந்துட்டே இருக்கும். அவங்களுக்கு இதே அட்ரோபின்தான், ஊசில. வாய் காயணும், நாடி ஏறணும், அக்குள்ல வியர்வை நிக்கணும். அதுவரைக்கும் ஏத்திட்டே இருப்போம். உங்க பொண்ணுக்கு இப்ப இருக்கறதெல்லாம் வந்தா, அங்க நாங்க நிம்மதியா மூச்சு விடுவோம்."

"பொழைச்சிடுவாங்களா?"

"நெறைய பேர் பொழைச்சிருக்காங்க. இந்த மருந்து இல்லன்னா பாதி பேர் இல்ல" என்றவள், என் பக்கம் திரும்பி, "அவங்களுக்கும் அளவு தாண்டினா இப்படித்தான், எறும்பு பொறுக்குவாங்க" என்றாள்.

கணவர் ஐந்தரைக்கு வந்தார். சட்டைக் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் அவரை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னாள். அவர் உள்ளே வந்தபோது என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்; அதற்கு எத்தனையோ பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவர் என் கையிலிருந்த துணியை வாங்கி, தானே நனைத்து, குழந்தையின் பாதத்தைத் துடைத்தார்.

"காலைலயே சிவந்திருந்துச்சு" என்றேன். "பார்த்துட்டும் மத்தியானம் போட்டேன்."

"போன் பண்ணாதன்னு நான்தானே சொன்னேன்" என்றார். துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தார்.

ஆறு ஆவதற்குச் சற்று முன்னால் அவள் கட்டிலிலேயே சிறுநீர் கழித்தாள். விரிப்பு முழுக்க நனைந்தது. நாத்தனார், "ஐயோ, என் புது துப்பட்டா" என்று சொல்லி, அழத் தொடங்கினாள். நர்ஸ் சிரித்தபடி விரிப்பை உருவினாள். எட்டு மணிக்குமேல் நெற்றியில் முடி ஒட்டுகிற அளவுக்கு ஈரம் வந்தது. அது நாங்கள் துடைத்த நீர் இல்லை என்று உறுதி செய்துகொள்ள, நான் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. காலையில் கண் விழித்து, "இது யாரு வீடு?" என்று கேட்டாள். பிறகு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த மருந்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்க வேண்டிய நேரத்தில் படிக்காமல், எல்லாம் முடிந்த பிறகு படிப்பது என் சுபாவம். வெளிநாட்டில் வளரும் ஒரு நச்சுச் செடியிலிருந்து முதலில் எடுத்ததாம். அதே இனத்துப் பொருள் நம் ஊமத்தையிலும் இருக்கிறது. பிரதோஷத்தன்று கோவில் வாசலில் வாங்கும் ஊமத்தம்பூவை எத்தனையோ முறை அவள் கையில்தான் கொடுத்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். இதயம் மெதுவாகும்போது இந்த மருந்தைப் போடுகிறார்கள். கண்ணுக்குப் போடுகிறார்கள். விஷத்துக்கு எதிராகப் போடுகிறார்கள். எல்லா இடத்திலும் அளவு என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. நல்ல மருந்தா, கெட்ட மருந்தா என்று எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அப்படி ஒரு பதில் எதிலும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் தி. நகருக்குப் போனோம். கண் மருத்துவர் கோப்பைத் திறக்கும் முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை சொட்டு என்பதையும், சிவந்ததைப் பார்த்தும் போட்டேன் என்பதையும். அவர் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதினார். இனி இவளுக்கு இந்த மருந்து வேண்டாம், அடுத்த முறை சீக்கிரம் தெளிகிற வேறொன்றைக் கிளினிக்கிலேயே வைத்துப் போடலாம் என்றார். பயந்தால் ஆயிரம் முறை கூப்பிடுங்கள் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். தசை நன்றாகவே தூங்கிக்கொண்டிருந்தது. அளந்தார். பவர் நாங்கள் நினைத்ததைவிட அதிகம்.

கண்ணாடி தயாராக ஒரு வாரம் ஆயிற்று. கண்ணுக்குள் அந்தத் தசை இன்னும் முழிக்காததால், அந்த ஒரு வாரமும் அவளுக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியவில்லை. தட்டில் இருப்பது இட்லியா தோசையா என்று விரலால் தொட்டுப் பார்த்துச் சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் இல்லை. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு நாள் முழுக்க அவளோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நெற்றியைத் தொட்டேன். பெயரைச் சொல்லச் சொன்னேன். நான் யார் என்று கேட்டேன்.

"அம்மா" என்பாள், பொறுமையாக.

ஒரு மத்தியானம் மறுபடி கேட்டேன். முகத்தை அவள் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், கண்ணுக்குள் பார்த்துக் கேட்டேன். அவள் என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினாள். இன்னும் கொஞ்சம். கை முழுதும் நீளும்வரை தள்ளினாள்.

"கிட்ட வராதம்மா. நீ தெரியவே மாட்டேங்கற" என்றாள்.

அவள் தள்ளிய இடத்திலேயே உட்கார்ந்தேன். அவள் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் தன் பொம்மைகளைத் தடவித் தடவி அடுக்க ஆரம்பித்தாள்.